பழைய வயரிங் இருக்கிற வீட்ல டவுன்லைட் போடலாமா?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்காங்க: "அப்பா 1984ல கட்டின வீடு, வயரிங் அப்ப போட்டதுதான். ஹால்ல ஃபால்ஸ் சீலிங் போட்டு எட்டு டவுன்லைட் வைக்கப்போறோம். பழைய டியூப்லைட் பாயின்ட்ல இருந்தே லூப் அடிச்சுக்கலாம், எல்இடிக்கு லோடே கிடையாதுன்னு எலக்ட்ரீஷியன் சொல்றார். சரியா?"

லோடு பத்தி அவர் சொல்றது சரிதாங்க. 12 வாட் லைட் எட்டு போட்டாலும் 96 வாட்தான், முன்னாடி ஒரு குண்டு பல்பு மட்டுமே 100 வாட் இழுக்கும். நான் பயப்படறது வயரோட தோலுக்கும் ஜாயின்டுக்கும்.

மெயினை ஆஃப் பண்ணி, கரென்ட் வரலைன்னு டெஸ்டர் வச்சு பாத்துட்டு, சீலிங் ரோஸை கழட்டி உள்ள இருக்கிற வயரை லேசா வளைச்சு பாக்க சொல்லுங்க. தோல் விறைச்சுப்போய் வெடிச்சாலோ கறுப்பா தூளா கையில கொட்டினாலோ அந்த வயரை இனிமே நம்பவே கூடாது. கம்பி வெள்ளையா இருந்தா அலுமினியம், அதுல புது காப்பரை முறுக்கி டேப் சுத்தி விட்டுடுவாங்க, ரெண்டும் சூட்டுல ஒரே மாதிரி விரியாது, அலுமினியம் மேல ஆக்ஸைடு வேற படியும், நாளாக நாளாக ஜாயின்ட் லூசாகி சூடாகும். ஃபால்ஸ் சீலிங்கோட ஜிப்சம் போர்டுக்கு மேல அது கருகினா யாருக்கும் கண்ணுல படாது, வாசனை வந்தாதான் தெரியும்.

இன்னொண்ணு, ஃபால்ஸ் சீலிங்கை தாங்க அடிக்கிற ஜிஐ சேனலோட (தகரச் சட்டம்) விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். ஒரு வீட்ல பைப் இல்லாம வயரை அப்படியே அதுமேல இழுத்துவிட்டிருந்தாங்க, தோல் அறுந்து ஃபிரேம் முழுக்க கரென்ட், எர்த்தே இல்லாததால ஃபியூஸும் போகல, பெயின்ட் அடிக்க ஏறினவருக்கு ஷாக். நல்லவேளை தப்பிச்சாரு.

அதனால மெயின் போர்டுல இருந்து புதுசா தனி சர்க்யூட் இழுத்துடுங்க. 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர், பேஸ் (கரென்ட் வர்ற கம்பி), நியூட்ரல் (அது திரும்பிப் போற கம்பி), எர்த் மூணும், முழுக்க பிவிசி பைப்புக்குள்ள. 6 ஆம்ப் எம்சிபி (லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோ தானா ஆஃப் ஆகிற சுவிட்ச்), அதுக்கு முன்னாடி 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரென்ட் லீக் ஆனா உடனே ஆஃப் பண்ற சுவிட்ச்). எர்த் கம்பி பேருக்கு இருந்தா பத்தாது, அது மண்ணுல இறங்கற எர்த் பிட் (குழி) நல்லா இருக்கான்னும் பாக்கணும். ஒரு லைட் சர்க்யூட்ல 10 பாயின்ட், 800 வாட், அதுக்கு மேல போகக்கூடாதுங்கிறது நம்மூர் கணக்கு, உங்க எட்டு லைட்டும் தாராளமா அடங்கிடும். பழைய நியூட்ரலை மட்டும் இதோட சேக்க விடாதீங்க. சேத்தா ஆர்சிசிபி ட்ரிப் ஆகிட்டே இருக்கும், அப்புறம் தொல்லையா இருக்குன்னு அதையே கழட்டிட்டு போயிடுவாங்க!

சுவிட்ச் ஆஃப் பண்ணின பிறகும் ராத்திரில லைட் மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சா பெரும்பாலும் சுவிட்ச் பேஸ்ல இல்லாம நியூட்ரல்ல இருக்கும், பழைய வீடுகள்ல இது ரொம்ப சகஜம். அதை மாத்தாம விட்டா ஆஃப்ல இருக்கிற லைட்டை கழட்டும்போதும் ஷாக் அடிக்கும்.

லைட்டை முதல்லயே வாங்கிடுங்க, சீலிங்ல வெட்டற ஓட்டையோட சைஸ் கம்பெனிக்கு கம்பெனி மாறும். ஜிப்சம் போர்டு மூடறதுக்கு முன்னாடி, லைட்டெல்லாம் மாட்டாம 500 வோல்ட் மெகர் (வயர் தோல்ல கரென்ட் கசியுதான்னு பாக்கிற மீட்டர்) வச்சு டெஸ்ட் பண்ண சொல்லுங்க, 1 மெகாஓமுக்கு குறைஞ்சா மூட விடாதீங்க. பைப் போற வழியையும் அப்பவே போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, நாளைக்கு ஸ்க்ரீனுக்கு ட்ரில் போடும்போது தேவைப்படும்.