ஆண்டீஸ் மலைக்கிராமத்தில் அடுப்படி விருந்தாளி: கேள்வி பதில்

பெரு நாட்டில் தித்திகாகா ஏரிக்கு நடுவே அமந்தானி என்று ஒரு தீவு. ஏரியின் நீர்மட்டமே கடல் மட்டத்திலிருந்து 3,812 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போன ஜூலையில் அங்கே ஒரு கெச்சுவா குடும்பத்தோடு, அதாவது கெச்சுவா மொழி பேசும் ஆண்டீஸ் பழங்குடிக் குடும்பத்தோடு, நானும் கணவரும் மூன்று இரவு தங்கினோம். அப்புறம் புனோ நகருக்கு வடக்கே மேட்டுநிலக் கிராமம் ஒன்றில் இன்னொரு வீட்டில் நான்கு இரவு. திரும்பி வந்ததிலிருந்து ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கொல்லிமலைக்காரன்: அக்கா, தங்குவதற்கு வீட்டை எப்படிப் பிடித்தீர்கள்? முன்பதிவு உண்டா?

அமந்தானியில் வீட்டை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. படகு கரைக்கு வரும்போதே பூவேலை செய்த கறுப்பு முக்காட்டோடு பெண்கள் நிற்பார்கள். பாதிப் பேர் கையில் தக்கிளி சுழன்றுகொண்டிருக்கும், பேச்சும் நிற்காது, நூலும் அறாது. விருந்தாளிகளை முறை வைத்துப் பிரித்துக் கொடுக்கிறார்கள், வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பது போல. இந்த வாரம் இந்த வீடு, அடுத்த வாரம் அடுத்த வீடு.

நாங்கள் செய்த தப்பு, புனோவில் ஒரு முகவரிடம் மொத்தமாகப் பணம் கட்டியது. அதில் வீட்டுக்காரம்மா கைக்கு எவ்வளவு போனது என்று இரண்டாம் நாள் கேட்டேன். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் சாப்பிட்ட சூப் தொண்டையில் நின்றது. மீதி இரவுகளுக்கு நேராக அவரிடமே கொடுத்தோம். நீங்கள் புனோ படகுத்துறையிலிருந்து தீவுக்காரர்கள் போகிற படகிலேயே போய்விடுங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் பணம் வீட்டுக்குப் போய்ச் சேரும். சில்லறையாக சோல் (பெரு நாட்டுப் பணம்) நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நோட்டை மாற்ற ஊரில் ஆள் கிடைக்காது.

ரயிலடி ராமு: எனக்கு 63 வயது. அந்த உயரத்தில் மூச்சு முட்டாதா?

முட்டும், ஐயா. வயதை விட, எவ்வளவு வேகமாக மேலே ஏறினோம் என்பதுதான் முக்கியம். 3,800 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு கூட இல்லை. கடலோரத்தில் இருக்கும் தலைநகர் லிமாவிலிருந்து விமானத்தில் நேரே மேலே போய் இறங்காதீர்கள். முதலில் அரேகிபா நகரம். அது ஏறக்குறைய நம் ஊட்டி உயரம்தான். அங்கே இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டு மேலே போங்கள். முதல் இரண்டு நாள் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம், மது வேண்டாம், படியேறும்போது பேச வேண்டாம். மாத்திரை வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், இதயம், இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிக் கேளுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பொறுத்துப் பார்க்காமல் உடனே கீழே இறங்கிவிட வேண்டும். தீவில் அது சுலபமில்லை, படகு வர வேண்டும். அதனால் புனோவில் உடம்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் தீவுக்குப் போங்கள்.

தயிர்சாதம்: நான் சுத்த சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, உருளைக்கிழங்கு! பெருவில் மட்டும் 3,000 ரகத்துக்கு மேல் உருளை உண்டு. ஒரே தட்டில் ஊதா, மஞ்சள், விரல் மாதிரி நீளமாக ஒன்று, முடிச்சு முடிச்சாக ஒன்று என்று வரும். தோலை நகத்தால் உரித்துவிட்டு அப்படியே சாப்பிட வேண்டியதுதான். காலையில் எண்ணெயில் பொரித்த மாவு அப்பம், மதியம் கீன்வா சூப், வறுத்த பாலாடைக்கட்டி, ஓக்கா என்ற இனிப்புக் கிழங்கு, இரவு மறுபடியும் சூப்.

ஆனால் ஸ்பானிஷில் 'கார்னே (இறைச்சி) வேண்டாம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்காராதீர்கள். அந்தச் சொல் பலருக்கு மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி மட்டும்தான். கோழி அதில் சேராது, மீனும் சேராது. 'நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ' என்று மூன்றையும் அடுக்கிச் சொல்லுங்கள். சூப் எலும்பு போட்டுக் கொதித்ததா என்று தனியாகக் கேளுங்கள். சமையலறைத் தரையில் சீமைப்பெருச்சாளிகள் (கினிப் பன்றிகள்) உருளைத் தோலைத் தின்றுகொண்டு திரியும். அவை செல்லப்பிராணிகள் இல்லை. பெயர் வைத்துவிடாதீர்கள், பின்னால் மனசு கஷ்டப்படும்.

இன்னொன்று. அந்த உயரத்தில் தண்ணீர் 87, 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு லேசில் வேகாது. மேட்டுநிலத்து வீட்டில் பிரஷர் குக்கரைப் பார்த்தபோது சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. விசில் சத்தம் கேட்டு நான் மூன்று எண்ணிவிட்டு எழுந்து அடுப்பை அணைக்கப் போனேன். வீட்டுக்காரம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

அரசமரம்: எந்த மொழியில் பேசினீர்கள்? எனக்கு ஸ்பானிஷ் தெரியாது.

இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். குழந்தைகளும் ஆண்களும் ஸ்பானிஷ் பேசுவார்கள். வயதான பெண்கள் பலருக்குக் கெச்சுவா மட்டும்தான். அதைக் கற்றுக்கொள்ள ஐரோப்பியர்கள் படுகிற பாடு நமக்கு இல்லை. வினை கடைசியில் வரும். சொல்லுக்குப் பின்னால் ஒட்டு ஒட்டாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். 'வசி' என்றால் வீடு, 'வசிய்பி' என்றால் என் வீட்டில். வசிக்கிற இடம் வசி என்று நினைவு வைத்துக்கொண்டேன். தற்செயல்தான், உடனே குமரிக்கண்டத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

இதில் உச்சம் 'நாம்', 'நாங்கள்' விஷயம். ஸ்பானிஷில் இரண்டுக்கும் ஒரே சொல். கெச்சுவாவில் கேட்கிறவரையும் சேர்த்துச் சொன்னால் 'நொகஞ்சிஸ்', சேர்க்காமல் சொன்னால் 'நொகய்கு'. முதல் இரவு வீட்டுக்காரம்மா எங்களிடம் பேசும்போது எல்லாம் நொகய்கு. நாங்கள் சாப்பிடுவோம், நாங்கள் படுப்போம். மூன்றாம் நாள் காலை என்னிடம் கிழங்குக் கூடையை நீட்டி ஏதோ சொன்னார். எனக்குப் பிடிபட்டது நொகஞ்சிஸ் என்ற ஒரு சொல்தான். நாம் உரிப்போம். உட்கார்ந்து உரித்தேன்.

அம்மாவுக்கு அங்கே 'மமா'. நாலு வயதுப் பையன் மமா, மமா என்று கத்தும்போதெல்லாம் என் கணவர் திரும்பிப் பார்த்தார். நன்றிக்கு 'சுல்பாய்கி' போதும். ஏரியின் சில கரைகளில் பேசுவது ஐமாரா, அது வேறு மொழி. எந்த ஊர் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

செல்லம்மா பேத்தி: அக்கா, கூச்சமாக இருக்கிறது. கழிப்பறை, குளியல்?

கூச்சம் எதற்கு? கழிப்பறை வீட்டுக்கு வெளியே முற்றத்தைத் தாண்டி. வாளியில் மோந்து ஊற்ற வேண்டும், நமக்குப் பழக்கம்தானே. காகிதத்தைக் குழிக்குள் போடக்கூடாது, பக்கத்துக் கூடையில். குளியலை மறந்துவிடுங்கள், ஒரு சொம்பு வெந்நீர் கேட்டால் முகம் கழுவத் தருவார்கள். அந்த விறகும் தண்ணீரும் யாரோ சுமந்து வந்தவை என்பதால் நான் தினமும் கேட்கவில்லை. ஜூன், ஜூலை இரவுகளில் மேட்டுநிலத்தில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும். டார்ச் அவசியம், இரவில் நாய்களும் உண்டு.

மதுரை மல்லி: கோகா இலை தருவார்களாமே? வாங்கலாமா?

வாங்கலாம். இரண்டு கையாலும் வாங்குங்கள். நல்ல இலையாக மூன்றை விசிறி போல அடுக்கி, மலைகளை நோக்கி ஊதிவிட்டு அப்புறம் வாயில் போடுவது அவர்கள் முறை. வெற்றிலை போட்டுப் பழகிய வாய்க்கு ஒன்றும் புதிதில்லை, கூடச் சேர்க்கிற சாம்பல் கட்டி உட்பட. ஊருக்கு மட்டும் ஒரு இலை கூடக் கொண்டுவராதீர்கள், தேநீர்ப் பையாக இருந்தாலும் சரி. நம் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் கோகா இலையும் அடக்கம். வேலைக்காகச் சிறுநீர்ப் பரிசோதனை இருப்பவர்கள் தேநீரைக்கூடத் தவிருங்கள். முன்யா என்று ஒரு மூலிகைத் தேநீர் தருவார்கள், புதினாவுக்கும் ஓமவல்லிக்கும் நடுவில் ஒரு வாசனை. எனக்கு அதுதான் பிடித்தது.

சும்மா கேட்கிறேன்: சுற்றுலாப் பயணிகளுக்கு அவர்கள் உடையை மாட்டிவிட்டு ஆட வைக்கிறார்களாம். எல்லாம் நாடகம்தானே?

ஆமாம், அமந்தானியில் மாலையில் ஊர் மண்டபத்தில் ஆட்டம் உண்டு. என் ஸ்வெட்டருக்கு மேலேயே பாவாடையைக் கட்டி, இடுப்புப் பட்டையை மூச்சு நிற்கிற அளவுக்கு இறுக்கினார்கள். பார்ப்பதற்கு மூட்டை மாதிரி இருந்தேன். நம் வீட்டுக்கு வெளிநாட்டுத் தோழி வந்தால் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, படம் எடுத்து அனுப்ப மாட்டோமா? அதுவும் நாடகம்தான். எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை. ஒரே இரவு தங்கிவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு அது மட்டும்தான் கண்ணில் படும், அதுதான் சிக்கல்.

மேட்டுநிலக் கிராமத்தில் ஆட்டமெல்லாம் இல்லை, சுன்யோ வேலைதான். சின்ன உருளைகளை இரவில் வெட்டவெளியில் பரப்பிவிடுவார்கள். உறைபனியில் கல்லாகிவிடும். பகல் வெயிலில் இளகும், மறுபடி இரவில் உறையும். சில நாள் கழித்துக் குவித்து வெறுங்காலால் மிதிப்பார்கள். நானும் மிதித்தேன். காலுக்கடியில் பழுத்த தக்காளி மாதிரி நசுங்கி, பனிக்குளிரில் சாறு விரலிடுக்கில் பீறிட்டது. பத்தே நிமிடத்தில் பாதம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அப்புறம் வெயிலில் காயவைத்தால் கூழாங்கல் போலக் கறுத்து, எடையே இல்லாமல் ஆகிவிடும். வருடக்கணக்கில் கெடாது. நம் வற்றல் மாதிரிதான், எண்ணெயில் பொரிப்பதற்குப் பதில் ஊறவைத்து சூப்பில் போடுகிறார்கள். சுவை? உண்மையைச் சொன்னால், மண் வாசனையுள்ள ரப்பர். நான்காம் நாள் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பூந்தளிர்: பரிசாக என்ன கொண்டுபோகலாம்? குழந்தைகளுக்கு மிட்டாய்?

மிட்டாய் வேண்டவே வேண்டாம், அங்கே பல் மருத்துவர் கிடையாது. புனோ சந்தையிலேயே அரிசி, சர்க்கரை, எண்ணெய், பழம் வாங்கிப் போங்கள். தீவில் பழம் அபூர்வம். கொடுப்பதை வீட்டுப் பெரியவர் கையில் கொடுங்கள்.

வண்டிமாடு: நீங்களே கேள்வி கேட்டீர்களா, அவர்கள் உங்களை ஏதும் கேட்டார்களா?

கேட்டார்கள். வீடு சொந்தமா, மாமியார் உயிரோடு இருக்கிறாரா, எத்தனை ஆடு இருக்கிறது. சென்னையில் அடுக்குமாடியில் இருக்கிறோம், ஆடு இல்லை என்றோம். மகள் அதை மொழிபெயர்த்ததும் அடுப்படியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வீட்டுக்காரம்மா எழுந்து வந்து என் தட்டில் இன்னும் இரண்டு உருளைக்கிழங்கு வைத்தார்.