மூச்சை விடுங்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 41. நான்கு வருடங்களாக வாரத்தில் ஐந்து நாள் ஓடிவந்தேன். வலது முழங்காலில் வலி வந்ததால், நண்பர்கள் சொல்லி, ஆறு வாரமாக நீச்சலுக்குப் போகிறேன். ஓடும்போது என் கைக்கடிகாரம் நிமிடத்துக்கு 155 துடிப்பு காட்டும். நீந்தும்போது 135-ஐத் தாண்டுவதில்லை. ஆனால் 50 மீட்டர் போவதற்குள் மூச்சு முட்டி நின்றுவிடுகிறேன். 10 கிலோமீட்டர் நிற்காமல் ஓடியவன் நான். இதயத்துக்கு எது நல்லது, ஓட்டமா, நீச்சலா? எதில் கலோரி அதிகம் செலவாகும்? எத்தனை நிமிடம் நீந்த வேண்டும்? நீச்சல் முழுமையான கார்டியோ பயிற்சி இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. மறுபடி ஓடப் போய்விடலாமா?

க.

அன்புள்ள க.,

வலிக்கும் முழங்காலோடு ஓடப் போகாதீர்கள். உங்கள் கடிதத்தில் கடிகாரம் வருகிறது, கலோரி வருகிறது, நண்பர்கள் வருகிறார்கள், மருத்துவர் மட்டும் வரவில்லை. ஆறு வாரமாக ஒரு வலியை யாரிடமும் காட்டாமல் வைத்துக்கொண்டு, இதயத்துக்கு எது நல்லது என்று எனக்கு எழுதுகிறீர்கள். முதலில் போய்க் காட்டுங்கள். இதை நான் மென்மையாகச் சொல்வதாக இல்லை.

கலோரிக் கணக்கை விட்டுவிடுங்கள். மும்முரமாக நீந்துகிறவரும் மணிக்கு ஒன்பது, பத்து கிலோமீட்டர் ஓடுகிறவரும் செலவிடும் சக்தி ஏறக்குறைய ஒன்றுதான். நிமிடக் கணக்கும் பெரிய ரகசியம் இல்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு என்று உலக சுகாதார அமைப்பு 2020-இல் சொல்லியிருக்கிறது. அதை ஓடித்தான் தீர்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. 1953-இல் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் லண்டன் மாடி பஸ்களை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார். நாள் முழுவதும் உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, படியேறி இறங்கிக்கொண்டிருந்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அவர்கள் ஓடவும் இல்லை, நீந்தவும் இல்லை.

அந்த 20 துடிப்பு வித்தியாசத்துக்கு வருகிறேன். ஓடும்போது நிமிர்ந்து நிற்கிறீர்கள். கால்களிலிருந்து ரத்தம் மேலேறி வர வேண்டும். தண்ணீரில் படுத்திருக்கிறீர்கள். போதாததற்குத் தண்ணீரின் அழுத்தமும் கால்களிலிருந்து ரத்தத்தை நெஞ்சுக்குத் தள்ளிக் கொடுக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் நன்றாக நிரம்பி அதிக ரத்தத்தை அனுப்புகிறது. உடம்புச் சூட்டைத் தண்ணீரே வாங்கிக்கொள்வதால் சூட்டைத் தணிக்கத் தோலுக்கு ரத்தம் அனுப்பும் வேலையும் குறைகிறது. அதனால் நீச்சலில் உச்சத் துடிப்பே ஓட்டத்தைவிடப் பத்துப் பதினைந்து குறைவாகத்தான் இருக்கும். மணிக்கட்டில் ஒளியை வைத்து அளக்கும் கடிகாரம் தண்ணீருக்குள் தடுமாறுவதும் உண்டு. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். துடிப்பு 135, மூச்சோ முட்டுகிறது என்று அடுத்தடுத்த வரிகளில் எழுதியிருக்கிறீர்கள். இதயம் களைக்கவில்லை, ஆனால் நீங்கள் நிற்கிறீர்கள். அப்படியானால் உங்களை நிறுத்தியது எது? இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நீங்கள் தண்ணீருக்குள் மூச்சை விடுவதில்லை.

ஓடுகிறவனுக்கு மூச்சு தானாக நடக்கிறது. வேண்டியபோது இழுக்கிறான், வேண்டியபோது விடுகிறான். குப்புறப் படுத்துக் கைகளை மாற்றி மாற்றி வீசி நீந்தும் ஃப்ரீஸ்டைலில் வாய் வெளியே இருப்பது ஒரு நொடிக்கும் குறைவு. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால், அந்த ஒரு நொடிக்குள் பழைய காற்றை விடவும் வேண்டும், புதிய காற்றை இழுக்கவும் வேண்டும். இரண்டும் அரைகுறையாகத்தான் நடக்கும். நெஞ்சு நிறையக் காற்று இருக்கிறது, ஆனால் அது பழைய காற்று. மூச்சு முட்டும் தவிப்பைத் தருவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல, சேர்ந்துவிட்ட கரியமில வாயு. தவிப்பு வந்ததும் தலை தூக்குகிறது. தலை தூக்கினால் கால் தாழ்கிறது. நேராகச் சறுக்க வேண்டிய உடம்பு சாய்ந்த பலகை போலத் தண்ணீரை எதிர்த்து நிற்கிறது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதை எதிர்க்க இன்னும் உதைக்கிறீர்கள், கரியமில வாயு இன்னும் சேர்கிறது. 50 மீட்டரில் சுவரைப் பிடிக்கிறீர்கள்.

10 கிலோமீட்டர் ஓடியவன் என்ற பெருமையைக் கரையில் வைத்துவிட்டு இறங்குங்கள். உசைன் போல்ட் 2009-இல் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடினார். அதே 100 மீட்டரைச் சீன நீச்சல் வீரர் பான் ஜான்லே 2024-இல் 46.40 நொடியில் நீந்தியது உலக சாதனை. உலகத்திலேயே வேகமாக நீந்தும் மனிதனிடமிருந்துகூட ஏறக்குறைய ஐந்து மடங்கு நேரத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது.

நானும் ஓடிக்கொண்டிருந்தவன்தான். 39 வயதில் நீச்சல் கற்கப் போனேன். கற்றுக்கொடுத்த அம்மாவுக்கு அப்போது 55 இருக்கும். முதல் நான்கு நாள் என்னை நீந்தவே விடவில்லை. சுவரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அமிழ்த்தி, “ம்ம்ம்” என்று முனகியபடி மூக்கு வழியே மூச்சை விட வேண்டும். அவ்வளவுதான். அவர் கரையில் குந்தி என் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருப்பார். மொத்தமாகக் கொப்பளித்து நின்றுவிட்டால் தவறு. கோத்த மணிகள் போலச் சிறிது சிறிதாக, விடாமல், கன்னத்தை உரசிக்கொண்டு மேலே போக வேண்டும். நீந்தத் தொடங்கிய பிறகு, நான் மூச்சைப் பிடித்தால் கையிலிருந்த சாவியால் இரும்பு ஏணியில் இரண்டு முறை தட்டுவார். தண்ணீருக்குள் அந்தச் சத்தம் காதுக்குள்ளேயே தட்டுவது போலக் கேட்கும். “தம்பி, இழுப்பதை உடம்பு பார்த்துக்கொள்ளும். நீ விடு” என்பார். மூன்றாவது வாரம் ஒருநாள், சுற்றுகளை எண்ண மறந்து, 600 மீட்டர் போயிருந்தேன். அதற்கு முந்தின வாரத்தில் இருந்த அதே இதயம், அதே நுரையீரல்.

அந்த அம்மாவுக்கு இப்போது 74. சென்ற ஆண்டு வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. எலும்பு தேய்ந்திருக்கிறது என்றார்கள். நீச்சலால் தேய்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். அந்த வயதில் பெண்களுக்கு அது சாதாரணமாக வருவது. ஆனால் தண்ணீர் உடம்பின் பாரத்தை வாங்கிக்கொள்கிறது. எலும்பு உறுதியாக இருக்கப் பாரம் வேண்டும். ஓட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. உங்கள் முழங்காலுக்கு இப்போது அது ஆகாமல் இருக்கலாம், எலும்புக்கு அது தேவை. அறுபது வருடம் நீந்தியவரை மருத்துவர் இப்போது தரையில் நடக்கச் சொல்லியிருக்கிறார். கைத்தடியோடு நடக்கிறார். அதனால் முழங்கால் தேறியதும், மருத்துவர் சம்மதித்தால், வாரத்தில் இரண்டு நாளாவது நடங்கள், பிறகு மெல்ல ஓடுங்கள். நீச்சலையும் விடாதீர்கள்.

அதுவரை தினமும் பத்து நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சை விடுங்கள். கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு.

சென்ற மாதம் நான் நீந்துவதைப் பார்க்க வேண்டும் என்று அவர் வந்தார். கரையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த விதம் மனதைவிட்டுப் போகவில்லை. அதையே நினைத்துக்கொண்டு நீந்தினேன். பன்னிரண்டாவது சுற்றில், முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது, ஏணியில் கைத்தடி இரண்டு முறை தட்டுவது கேட்டது. மூச்சை விட்டேன்.