நான்கு என்ஜினா, இரண்டு என்ஜினா: இலண்டன் பயணத்துக்கு எதைத் தேர்வது?

கேள்வி: சுன்னாகத்தில் வசிக்கும் எனது தாயாருக்கு வயது 72. முழங்கால் வருத்தம் உண்டு. தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு இலண்டனிலுள்ள தம்பி வீட்டுக்கு அவரைக் கூட்டிச் செல்ல இருக்கிறேன். பயண முகவர் இரண்டு வழிகளைச் சொல்கிறார். ஒன்று, கட்டுநாயக்கவிலிருந்து நேரே இலண்டன் செல்லும் ஸ்ரீலங்கன் விமானம். அது இரண்டு என்ஜின் கொண்ட ஏ330. மற்றது, டுபாயில் மாறி அங்கிருந்து எமிரேட்ஸின் ஏ380 மாடி விமானத்தில் போவது. நான்கு என்ஜின் உள்ளதே பாதுகாப்பு என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். அப்படியென்றால் அந்தப் பெரிய விமானங்களைக் கம்பனிகள் ஏன் கைவிடுகின்றன? நாங்கள் எதில் போவது நல்லது?

பதில்: நேரடி விமானத்தில் போங்கள். உறவினர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். டுபாய் வழியாகப் போனாலும், கொழும்பிலிருந்து டுபாய் வரையான ஏறக்குறைய நான்கரை மணித்தியாலப் பயணத்துக்கு எமிரேட்ஸ் வழமையாக அனுப்புவது போயிங் 777; அதற்கும் இரண்டு என்ஜின்தான். பலாலியிலிருந்து சென்னைக்குப் பறக்கும் ஏடிஆர் 72 விமானத்துக்கும் இரண்டுதான். ஆகவே உங்கள் உறவினர்கள் விரும்பும் நான்கு என்ஜின் பயணம் எப்படிப் பார்த்தாலும் வான்வழியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடந்த பிறகுதான் தொடங்குகிறது.

விமானப் பராமரிப்புப் பொறியியலாளராக வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: என்ஜின்களின் எண்ணிக்கையை வைத்துப் பாதுகாப்பை அளக்க முடியாது. இரண்டு என்ஜின் விமானத்தில் ஒன்று நின்றால் பாதிச் சக்தி போய்விடும் என்பதால், ஓடுபாதையை விட்டு எழும்பும் அந்த ஆபத்தான நொடியிலும் மற்ற ஒன்றே முழுப் பாரத்தையும் தூக்கவல்லதாக இருக்க வேண்டும் என்று விதி கட்டாயப்படுத்துகிறது. நான்கு என்ஜின் விமானத்தில் ஒன்று நின்றால் கால்பங்கு மட்டுமே குறைவதால், அவ்வளவு உபரிச் சக்தி அதற்குத் தேவையில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 351 தொன் வரை எடையுடன் எழும்பும் போயிங் 777-300ஈஆர் விமானத்தின் ஒவ்வோர் என்ஜினும் 115,000 இறாத்தல் உந்துவிசை தருகிறது; ஆகவே தொன் ஒன்றுக்கு 650 இறாத்தலுக்கு மேல் கிடைக்கிறது. 575 தொன் ஏ380 விமானத்துக்கு நான்கு என்ஜின்களும் சேர்ந்து தருவது ஏறக்குறைய 280,000 இறாத்தல். தொன் ஒன்றுக்கு 490 கூட வராது. எல்லா என்ஜின்களும் நலமாக ஓடும்போது இரட்டை என்ஜின் விமானம் விறுவிறுவென்று மேலேறுவதன் இரகசியம் இதுதான்.

இன்னொன்று, எல்லா என்ஜின்களையும் ஒன்றாகத் தாக்கும் கோளாறுக்கு முன் எண்ணிக்கை உதவாது. 1982 ஜூன் 24ஆம் திகதி இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்த பிரிட்டிஷ் எயார்வேஸ் 747 விமானத்தின் நான்கு என்ஜின்களும் நின்றுபோயின. சாம்பலை விட்டு வெளியே வந்த பிறகே அவற்றை மீண்டும் இயக்கி, ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கினார்கள். எங்கள் துறையில் அதைவிடப் பெரிய பாடம் 1983 மே 5ஆம் திகதி மயாமியில் கிடைத்தது. ஒரு காலத்தில் எயார் லங்காவும் ஓட்டிய அதே வகையான மூன்று என்ஜின் ட்ரைஸ்டார் விமானம் ஒன்றில், முந்திய இரவு பராமரிப்பின்போது மூன்று என்ஜின்களின் எண்ணெய்த் தொகுதியிலும் சிறிய இறப்பர் வளையங்களைப் போடாமல் விட்டுவிட்டார்கள். வானத்தில் மூன்றிலிருந்தும் எண்ணெய் ஒழுகி, முதலில் ஒன்றை நிறுத்தித் திரும்பி வரும்போது மற்ற இரண்டும் அடுத்தடுத்து நின்றன. முதலில் நிறுத்தியதையே மறுபடி இயக்கி ஒருவாறு தரைக்கு வந்து சேர்ந்தார்கள். கடலைக் கடக்கும் இரட்டை என்ஜின் விமானத்தின் இரு என்ஜின்களிலும் ஒரே வேலையை ஒரே ஆள் ஒரே தடவையில் செய்யக் கூடாது என்ற ஒழுங்கு இன்று கண்டிப்பாகப் பின்பற்றப்படுகிறது. பிழை நேர்ந்தாலும் அது ஒரு பக்கத்தோடு நிற்க வேண்டும் என்பதே நோக்கம்.

இரட்டை என்ஜின் விமானம் கடலைக் கடப்பதற்கும் படிப்படியாகவே அனுமதி கிடைத்தது. ஒரு என்ஜினோடு ஒரு மணித்தியாலத்துக்குள் இறங்கக்கூடிய விமான நிலையத்தை விட்டு அவை விலகக் கூடாது என்று அமெரிக்கா 1953இல் விதித்தது. என்ஜின்கள் நம்பகமாக வர வர, துறையில் எடொப்ஸ் எனப்படும் விதியின்கீழ் 1985இல் அது 120 நிமிடமாகவும், 1988இல் 180 நிமிடமாகவும் உயர்ந்தது. எயார்பஸ் ஏ350 விமானத்துக்கு 2014இல் 370 நிமிட அனுமதி வழங்கப்பட்டது. உங்கள் கொழும்பு – இலண்டன் வழியோ பெரும்பகுதி தரைக்கு மேலாகவே செல்வது. இந்த எல்லைகளில் எதையும் அது நெருங்குவதில்லை.

இனி, கம்பனிகள் ஏன் பெரியவற்றைக் கைவிடுகின்றன என்ற கேள்விக்கு வருகிறேன். எயார்பஸ் நிறுவனம் 1987இல் ஒரே உடலும் பெரும்பாலும் ஒரே இறக்கையும் கொண்ட இரண்டு விமானங்களை ஒன்றாக அறிவித்தது: இரண்டு என்ஜினோடு ஏ330, நான்கு என்ஜினோடு ஏ340. உங்கள் வீட்டு விவாதத்தை அந்த நிறுவனமே சந்தையில் சோதித்துப் பார்த்தது என்று சொல்லலாம். ஏ340 விமானம் 377 மட்டுமே விற்ற நிலையில் 2011இல் நிறுத்தப்பட்டது. ஏ330 விமானம் 1,500க்கு மேல் விநியோகிக்கப்பட்டு இன்றும் தயாராகிறது. கட்டுநாயக்கவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. ஏ340 வந்து நின்றால் நான்கு மூடிகளைத் திறந்து, நான்கு எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து, நான்கு விசிறிகளின் அலகுகளையும் ரோர்ச் வெளிச்சத்தில் தடவிப் பார்க்க வேண்டும்; ஏ330க்கு அதில் பாதி வேலை. உதிரிப் பாகச் செலவும் அவ்வாறே. எரிபொருள் விலை ஏறும்போது இந்த இடைவெளி இன்னும் விரிகிறது.

ஏ380இல் இதனோடு ஆசனச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. ஏறத்தாழ ஐந்நூறு பேரும் நிறைந்தால் ஒருவருக்கான செலவு குறைவுதான். ஆனால் விமானம் எழும்புவதற்கான மொத்தச் செலவு, ஆசனம் நிறைந்தாலும் வெறுமையாக இருந்தாலும் பெரிதாக மாறாது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் புலம்பெயர்ந்த உறவுகள் வந்து போகும்போது சீட்டுக்கு ஆலாய்ப் பறக்கிறோம். அதே வழியில் ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள், வரிசை வரிசையாக ஆசனம் கிடக்கும். கம்பனி அந்த மாதங்களையும் ஓட்டித்தான் ஆக வேண்டும். பருத்தித்துறை வீதியில் இ.போ.ச. பெரிய பஸ்ஸுக்காகக் காத்து நிற்பதை விட்டு, முன்னால் வரும் மினிபஸ்ஸில் ஏறிவிடும் நமது பழக்கமே வானத்திலும் நடக்கிறது: ஒரு நாளில் ஒரு பெரிய விமானத்தை விட, இரண்டு வேளைகளில் இரண்டு நடுத்தர விமானங்களையே பயணி விரும்புகிறார். 1984இல் எயார் லங்கா ஜம்போ 747 விமானங்களைச் சேவையில் சேர்த்துச் சில ஆண்டுகளிலேயே விட்டுவிட்டதையும் மூத்த வாசகர்கள் நினைவுகூரக்கூடும்.

சரக்கும் ஒரு காரணம். 777-300ஈஆர் விமானத்தின் வயிற்றில் பயணப் பொதிகள் போக மீனும் மரக்கறியும் ஆடைகளும் ஏற்ற நல்ல இடம் மிஞ்சும். ஏ380இலோ இரண்டு மாடிப் பயணிகளின் பொதிகளே கீழறையின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன.

இத்தனைக்கும் நடுவே எமிரேட்ஸ் மட்டும் ஏன் 123 வாங்கியது? 2007 ஒக்ரோபரில் சிங்கப்பூர் எயார்லைன்ஸில் தொடங்கி 2021 டிசம்பரில் விநியோகம் முடியும்வரை பயணச் சேவைக்குக் கொடுக்கப்பட்டவை 251. அதில் ஏறக்குறைய பாதி அதனுடையது. பல நாட்டுப் பயணிகளையும் டுபாய்க்குக் கொண்டுவந்து சேர்த்து, அங்கிருந்து ஒன்றாக ஏற்றி அனுப்புவது அதன் தொழில். இலண்டன் ஹீத்ரோவில் இரண்டே ஓடுபாதைகள். ஆண்டுக்கு 480,000 ஏற்ற இறக்கங்களுக்கு மேல் அனுமதி இல்லை. புதிய நேரம் கிடைக்காத இடத்தில், கிடைத்த நேரத்தில் அதிகம் பேரை ஏற்றுவதே வழி. ரொறன்ரோவில் தடை வேறு: கனடாவுடனான விமான உடன்படிக்கை வாரத்துக்குச் சில பறப்புகளையே நீண்ட காலமாக அனுமதித்தது, அதனால் அந்தச் சிலவற்றுக்கும் ஏ380ஐயே அனுப்பினார்கள். பறப்புகளின் எண்ணிக்கைக்குப் பூட்டுப் போட்ட இடங்களில்தான் அந்த விமானத்துக்கு வாழ்வு. மற்றக் கம்பனிகளுக்கு அப்படியான வழிகள் போதியளவு இல்லை. சிங்கப்பூர் குத்தகை முடிந்து திருப்பிக் கொடுத்த முதல் விமானங்களில் இரண்டு, பத்து வயதிலேயே வாங்க ஆளின்றிப் பிரான்சில் உடைக்கப்பட்டன. கொரோனாவுக்குப் பின் லுஃப்தான்சா முதலியவை நிறுத்தி வைத்த ஏ380களை மறுபடி எடுத்தது, போயிங்கின் புதிய 777-9 குறித்த காலத்தில் வராததாலும் பயணிகள் எதிர்பார்த்ததை விட வேகமாகத் திரும்பியதாலுமே. புதிதாக எவரும் அதைத் தயாரிக்கவில்லை.

ஏ380 சத்தம் குறைந்த, ஆட்டம் குறைந்த, மிக வசதியான விமானம் என்பதை நான் மறுக்க மாட்டேன். இளம் வயதினருக்கு ஒரு தடவையாவது அதில் போகச் சொல்வேன். ஆனால் உங்கள் தாயார் யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்கவுக்கு வாகனத்தில் ஏழெட்டு மணித்தியாலம் இருந்து வந்தவராக இருப்பார். அதற்குப் பிறகு டுபாயின் நீண்ட மண்டபங்களில் விமானம் மாறுவதும், இலண்டனில் ஐந்நூறு பேரோடு ஒன்றாக இறங்கிக் குடிவரவு வரிசையில் நிற்பதும் அந்த முழங்காலுக்கு ஆகாது. நேரடிப் பயணம் ஏறக்குறைய பதினொரு மணித்தியாலம். ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்கினால் போதும்.

ஏ330இன் சாதாரண வகுப்பில் ஆசனங்கள் 2-4-2 என்று அமைந்திருக்கும். யன்னலோர இரட்டை ஆசனத்தை இப்போதே கேட்டு வாங்கி, தாயாரை நடைபாதைப் பக்கம் இருத்துங்கள். கால் நீட்டவும் எழுந்து நடக்கவும் அது வசதி, வேறு ஒருவரும் இடையில் இருக்க மாட்டார். சக்கர நாற்காலி உதவியை, கட்டுநாயக்கவுக்கும் ஹீத்ரோவுக்கும் சேர்த்து, சீட்டு எடுக்கும்போதே முகவரைக் கொண்டு பதிவுசெய்வியுங்கள். விமான வகையைக் கம்பனி கடைசி நேரத்தில் மாற்றக்கூடும் என்பதால், புறப்படுவதற்கு முதல் நாள் ஆசன இலக்கத்தை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.