தனியாக மான் வேட்டை: சுடும் முன்பே சுமையைக் கணக்கிடுங்கள்

கேள்வி: வேட்டை உரிமம் வாங்கிவிட்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தனியாகக் காட்டில் டென்ட் போட்டுத் தங்கி மான் வேட்டையாடப் போகிறேன். சனிக்கிழமை சாயங்காலமே மான் விழுந்துவிட்டால் ஒற்றை ஆளாக எப்படிச் சமாளிப்பது?

பதில்: துணை இல்லாமல் போகிறவருக்குப் பெரிய வேலையே மான் விழுந்த பிறகுதான். 70 கிலோ மானில் எலும்பு நீக்கிய கறியே 20 முதல் 25 கிலோ வரை இருக்கும். அதை இரண்டு நடையாகத்தான் சுமக்க வேண்டும். வண்டி 2 கிலோமீட்டர் தள்ளி நின்றால், போய், திரும்பி, மறுபடி போய் என 6 கிலோமீட்டர், அதுவும் இருட்டில். ஆகவே வண்டியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், வண்டியை விட மேடான இடத்தில் உட்காருங்கள். சுமையோடு இறங்குவது எளிது. பள்ளத்தாக்கின் அடியில் நிற்கும் மானை, எவ்வளவு அழகான கொம்பாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

அடிபட்ட மான் ஓடினால் உடனே பின்னால் போகாதீர்கள். அரை மணி நேரம் காத்திருந்து, அது நின்ற இடத்தில் ரத்தத்தைப் பாருங்கள். நுரையோடு வெளிர்சிவப்பாக இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது, பக்கத்திலேயே கிடக்கும். பச்சை கலந்து நாற்றமடித்தால் குடலில் பட்டிருக்கிறது. ஆறேழு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். துரத்தினால் இன்னும் தூரம் ஓடி, வலியோடு அலையும். சாயங்கால வெளிச்சத்தில் குறி உறுதியாக இல்லையென்றால் சுடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மான் கிடைத்ததும் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு, உரிமத்தோடு தந்த அடையாளச் சீட்டை விதிப்படி கட்டுங்கள். அப்புறம் குடலை எடுங்கள். பின்னங்கால் ஒன்றைக் கயிற்றால் மரத்தோடு இழுத்துக் கட்டினால், அதுவே உங்களுக்குப் பிடித்துக்கொள்ளும் ஆள். கத்தியின் கூர் மேல்நோக்கி இருக்கட்டும்; மறுகையின் இரண்டு விரல்களால் தோலைத் தூக்கிப் பிடித்து, மெல்லக் கீறுங்கள். குடலோ மூத்திரப்பையோ கிழிந்தால் கறி கெடும். தனியாக இருக்கும்போது அதிக ஆபத்தான நேரமும் இதுதான். ரத்தம் நிறுத்தும் கட்டுப்பட்டை பையின் அடியில் கிடக்கக் கூடாது, இடுப்பில் இருக்க வேண்டும்.

கறியைக் கெடுப்பது சூடு. தோலை உரித்து, தொடைகளையும் முன்னங்கால்களையும் பிரித்து, காற்றுப் புகும் துணிப்பைகளில் மரக்கிளையில் தொங்கவிடுங்கள். இரவில் 4 டிகிரிக்குக் கீழே இறங்காது என்றால் காலைவரை விடாதீர்கள். அன்றிரவே வண்டியில் உள்ள ஐஸ் பெட்டிக்குப் போயாக வேண்டும். கரடி நடமாடும் காடென்றால் கறி டென்டுக்கு 100 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

டென்டை வேட்டை இடத்திலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி, காற்று உங்கள் வாடையை மானிடம் கொண்டுபோகாத பக்கமாகப் போடுங்கள். உள்ளே அடுப்பு பற்றவைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

போன் எடுக்காத காட்டுக்கு, செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவி கட்டாயம். வீட்டில் ஒருவரிடம் வண்டி நிற்கும் இடத்தை வரைபடத்தில் குறித்துக் கொடுத்து, ஞாயிறு எத்தனை மணிவரை உங்கள் அழைப்பு வராவிட்டால் மீட்புக் குழுவுக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.