காற்றின் ஈரம்: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கேள்வி: ஹாலில் மாட்டியிருக்கும் டிஜிட்டல் ஈரப்பதமானி காலை ஆறு மணிக்கு 25 டிகிரி, 90% என்கிறது. மதியம் இரண்டு மணிக்கு 34 டிகிரி, 55%. மீட்டர் பழுதா? (கடலூர் வாசகர்)

பதில்: பழுதில்லை. திரையில் தெரிவது ஒப்பு ஈரப்பதம். அந்த வெப்பநிலையில் காற்றில் அதிகபட்சம் எவ்வளவு நீராவி தங்குமோ, அதில் எத்தனை சதவீதம் இப்போது இருக்கிறது என்பதே அது. 25 டிகிரியில் ஒரு கன மீட்டருக்கு உச்சவரம்பு 23 கிராம். 34 டிகிரியில் சுமார் 37.6 கிராம். 23-இல் 90 சதவீதம் போட்டுப் பாருங்கள்: 20.7. 37.6-இல் 55 சதவீதம் போட்டாலும் அதே 20.7தான். நீராவி கூடவுமில்லை, குறையவுமில்லை. வெயில் ஏற ஏற வரம்புதான் உயர்ந்திருக்கிறது.

இந்தக் கிராம் கணக்குக்கு முழுமையான ஈரப்பதம் என்று பெயர். அன்றாடத்துக்கு இதைவிடக் கைகொடுப்பது பனிப்புள்ளி, அதாவது காற்று எந்த வெப்பநிலை வரை குளிர்ந்தால் நீர் துளிர்க்கும் என்ற அளவு. உங்கள் வீட்டில் இரண்டு வேளையும் அது 23 டிகிரிக்குச் சற்று மேல். ஏசி அறையில் 20 டிகிரிக்குக் குளிர்ந்த கேமராவை வெளியே எடுத்ததும் லென்ஸ் வியர்ப்பது இதனால்தான். பையை மூடியபடி வெளியே வைத்து, கருவி சூடேறிய பிறகு திறங்கள். நேற்றைய புழுக்கத்தையும் இன்றைய புழுக்கத்தையும் ஒப்பிடவும் பனிப்புள்ளியே நம்பகமானது.

கேள்வி: மீட்டரை வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: உண்டு. பாட்டில் மூடி நிறையத் தூள் உப்பு போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூடியையும் மீட்டரையும் ஜிப் பைக்குள் ஒன்றையொன்று தொடாமல் வைத்து, காற்றுப் புகாமல் மூடி, நிழலில் 12 மணி நேரம் விடுங்கள். உள்ளே 75% நிலைக்கும். மீட்டர் 70 காட்டினால், அந்த அளவையொட்டிய ஈரப்பதத்தில் 5 கூட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் அதிகமாகி உப்பு முழுவதும் கரைந்துவிட்டால் 75-ஐத் தாண்டும். கல் உப்பு வேண்டாம். அதிலுள்ள மக்னீசியம் குளோரைடு அளவைக் கீழே இழுத்துவிடும். பையைத் திறந்தபின் பார்க்காதீர்கள், வெளியிலிருந்தே படியுங்கள்.

கேள்வி: பள்ளியில் இரட்டை வெப்பமானி வைத்திருக்கிறோம். ஈரப்பதத்தை எப்போதும் கூடுதலாகவே காட்டுகிறதே? (ஆசிரியை, திருச்சி)

பதில்: இதில் ஒரு வெப்பமானியின் குமிழ் வெறுமனே இருக்கும் (உலர்குமிழ்), மற்றதன் குமிழை நீரில் நனையும் துணித் திரி சுற்றியிருக்கும் (ஈரக்குமிழ்). முதலில் அந்தத் திரியைப் பாருங்கள். போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து திரி விறைத்துவிடும். நீர் சரியாக ஏறாது, ஆவியாதல் குறையும், ஈரக்குமிழ் போதிய அளவு குளிராது. இரண்டு வெப்பமானிகளுக்கும் இடைவெளி சுருங்கினால் ஈரப்பதம் கூடுதலாகத்தான் தெரியும். புது மல்மல் துணி, காய்ச்சி வடித்த நீர், குமிழ் மேல் விசிறிக் காற்று ஆகிய மூன்றும் வேண்டும். அப்போது உலர்குமிழ் 32, ஈரக்குமிழ் 27 என்றால் ஒப்பு ஈரப்பதம் சுமார் 68%.