மஞ்சளாக வாங்கிய சிக்லிட் நீலமாக மாறினால் அது என்ன மீன்?

கேள்வி: யெல்லோ லேப் என்று சொல்லி ஆறு மஞ்சள் குஞ்சுகள் வாங்கினேன். நான்கு மாதத்தில் இரண்டு நீலமாகி, உடம்பில் கறுப்புப் பட்டைகள் வந்துவிட்டன. மற்ற நான்கில் ஒன்றுக்கு மட்டும் முதுகுத் துடுப்பில் கறுப்புக் கோடு இருக்கிறது. கோடில்லாத ஒரு மஞ்சள் மீன் தாடை உப்பி, இரை எடுக்காமல் ஒதுங்கி நிற்கிறது. நீலமானவை டெமசோனியா?

பதில்: டெமசோனி இல்லை. டெமசோனியில் ஆண், பெண், குஞ்சு எல்லாமே தொடக்கத்திலிருந்து நீலத்தில் கறுப்புப் பட்டையோடு இருக்கும். மஞ்சளாக இருந்து மாறாது. உங்களிடம் இருப்பவை பெரும்பாலும் சவுலோசி. கோடு உள்ள ஒன்று மட்டும் யெல்லோ லேப்.

இவையெல்லாம் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறைகளிடையே வாழும் சிக்லிட் மீன்கள். இவற்றில் இன்றைய நிறத்தைவிட, அது எதிலிருந்து எதற்கு மாறியது என்பதுதான் நல்ல அடையாளம். சவுலோசி குஞ்சுகள் எல்லாம் மஞ்சள். பெண் அப்படியே இருக்க, ஆண் நீலமாகிக் குறுக்குப் பட்டை பெறும். ஜொஹானி குஞ்சும் ஆரஞ்சு கலந்த மஞ்சள்தான். ஆனால் ஆண் கருநீலமாகும்போது கோடுகள் தலையிலிருந்து வால்வரை நீளவாக்கில் ஓடும். கென்யி நேர்மாறு: குஞ்சும் பெண்ணும் வெளிர்நீலம், வளர்ந்த ஆண்தான் மஞ்சள். யெல்லோ லேப் இரு பாலிலும் கடைசிவரை மஞ்சள்.

நிறம் மாறாத மஞ்சள் மீன்களுக்குத் துடுப்பைப் பாருங்கள். 5 செ.மீ. வளர்ந்த யெல்லோ லேபுக்கு முதுகுத் துடுப்பில் முன்னிருந்து பின்வரை கறுப்புப் பட்டை தெளிவாக இருக்க வேண்டும். மூக்கு சற்றுக் கூர்மை. பாறை இடுக்கில் சிறு உயிர்களைப் பொறுக்கித் தின்னும் வாய் அது. சவுலோசிப் பெண்ணுக்கு அந்தப் பட்டை கிடையாது, முகமும் உருண்டை. கறுப்பு மங்கலாகவும் உடல் ஆரஞ்சுச் சாயலாகவும் நெற்றி மழுங்கியும் இருந்தால் ரெட் ஜீப்ரா என்ற இன்னொரு மலாவி சிக்லிட்டோடு கலந்த மீன் என்று சந்தேகிக்கலாம். இந்தக் கலப்பு மீன்வளர்ப்பில் மிகப் பரவலானது.

மஞ்சளாக நிற்பதெல்லாம் பெண் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆதிக்க ஆணுக்கு அடங்கிய சவுலோசி ஆண்கள் நிறத்தை அடக்கிக்கொண்டு மங்கலான மஞ்சளில் திரியும். தொட்டிக்குள் கண்ணாடித் தடுப்பு வைத்து அந்த மீனை இரண்டு வாரம் தனியாக விடுங்கள். ஆணாக இருந்தால் பட்டை எழத் தொடங்கும். அடித்துடுப்பில் முட்டை போலத் தெரியும் முட்டைப்புள்ளியை நம்பாதீர்கள், பெண்ணுக்கும் இருக்கும். 6 செ.மீ.க்கு மேல் வளர்ந்துவிட்டால், ஈரக் கையில் சில நொடி மல்லாத்திப் பார்க்கலாம்: ஆணுக்கு அடியிலுள்ள இரு துளைகளும் (முன்னால் மலத்துளை, பின்னால் இனப்பெருக்கத் துளை) ஏறக்குறைய ஒரே அளவு, பெண்ணுக்குப் பின்னால் உள்ளது பெரியது.

ஒப்பிடப் படம் எடுப்பதானால் விளக்கு போட்டு ஒரு மணி நேரம் கழித்து, ஃபிளாஷ் இல்லாமல், பக்கவாட்டில் எடுங்கள். தண்ணீர் மாற்றிய உடனே எடுத்த படம் பயனற்றது. மிரண்ட மீன் வெளுத்திருக்கும்.

இப்போது தாடை உப்பி ஒதுங்கி நிற்கும் அந்த மஞ்சள் மீன். அது தாய், முட்டையை வாயில் வைத்திருக்கிறது. சுமார் மூன்று வாரம் அப்படி இருக்கும். பிடித்து இடம் மாற்றாதீர்கள், பயத்தில் முட்டையைத் துப்பவோ விழுங்கவோ கூடும். தகப்பன் நீல ஆணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் உங்கள் யெல்லோ லேப் ஆணாக இருந்தால் உறுதி சொல்ல முடியாது, குஞ்சுகளைப் பார்த்தும் தெரியாது. எப்படியும் மஞ்சளாகத்தான் பிறக்கும். ஆகவே இந்த ஈட்டை சவுலோசி என்ற பெயரில் யாருக்கும் கொடுக்காதீர்கள். மலாவி ஏரியில் சிசுமுலு தீவுக்கு வடக்கேயுள்ள ஒரே பாறைத்திட்டில் மட்டுமே வாழும் மீன் சவுலோசி. தொட்டிக்காகப் பிடித்துப் பிடித்தே அங்கே அருகிப்போனது. வீடுகளில் தூய வழி தொடர்வது உண்மையிலேயே முக்கியம்.

யெல்லோ லேபை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். சவுலோசிக்கு 200 லிட்டராவது வேண்டும். இரண்டு ஆணுக்குக் குறைந்தது ஆறு பெண் என்று எண்ணிக்கையைக் கூட்டினால், துரத்தல் ஒரே மீன் மேல் விழாது.