கிளை மாறினால் காப்பீடு கூடுமா?

கேள்வி: 8 லட்ச ரூபாயை ஒரே வங்கியின் செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை, ஐந்து ரோடு கிளைகளில் என் பெயரிலேயே டெபாசிட் போட்டிருக்கிறேன். வங்கி மூழ்கினால் கிளைக்கு 5 லட்சம் கிடைக்கும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: இல்லை அம்மா. கிளை எத்தனை இருந்தாலும் வங்கி ஒன்றுதானே. அந்த வங்கியில் உங்கள் ஒருவர் பெயரில் இருக்கும் சேமிப்புக் கணக்கு, டெபாசிட், ஆர்.டி. எல்லாவற்றையும் அசலும் வட்டியுமாகக் கூட்டி, மொத்தத்துக்கும் சேர்த்தே 5 லட்சம். வட்டியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். 4,90,000 போட்டு அதற்கு 25,000 வட்டி ஏறியிருந்தால் 15,000 வெளியே நிற்கும். அதனால் கிளையை மாற்றாதீர்கள், வங்கியை மாற்றுங்கள். கணவரோடு சேர்ந்து கூட்டுக் கணக்காகப் போட்டால் அதற்குத் தனியாக 5 லட்சம் உண்டு. நாமினி பெயர் எழுதுவதால் மட்டும் ஒரு பைசாவும் கூடாது.

இந்தப் பணத்தைத் தருவது ரிசர்வ் வங்கிக்குச் சொந்தமான வைப்பு காப்பீடு மற்றும் கடன் உத்தரவாதக் கழகம். பிரீமியம் வங்கியின் பொறுப்பு, உங்களிடம் பிடிக்கக் கூடாது. 1960இல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்து ஜனங்கள் பதறிய பிறகு வந்த ஏற்பாடு இது. 1962இல் வரம்பு வெறும் 1,500 ரூபாய். 1993இல் 1 லட்சம் ஆக்கினார்கள், அப்புறம் 2020 பிப்ரவரி வரை அதைத் தொடவே இல்லை, விலைவாசி எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது. முன்பு வங்கியை இழுத்து மூடிக் கணக்கு முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும், வருடக்கணக்கில் இழுக்கும். 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ரிசர்வ் வங்கி பணம் எடுக்கத் தடை போட்டாலே பொதுவாக 90 நாளுக்குள் தந்துவிட வேண்டும். அதே வங்கியில் கடன் பாக்கி இருந்தால் கழித்துக்கொள்வார்கள்.

கேள்வி: காப்பி விற்ற பணத்தை ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்டிருக்கிறேன். இதற்கும் உண்டா?
– வாசகர், ஏற்காடு

பதில்: கிடையாது. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் நகரக் கூட்டுறவு வங்கிக்கும் இந்தக் காப்பீடு உண்டு, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு இல்லை. நகைக்கடன் கம்பெனி, ஏலச்சீட்டுக்கும் இல்லை. தபால் நிலையமும் இதில் வராது, ஆனால் அது மத்திய அரசு பொறுப்பேற்கும் பணம், அந்தக் கவலை வேண்டாம். சந்தேகமாக இருந்தால் கழகத்தின் இணையதளத்தில் காப்பீடு உள்ள வங்கிகளின் பட்டியல் இருக்கிறது, பேரனிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.